நூற்றெழுபத்தாறு நாட்களாக யாரும் விழவில்லை

எங்கள் வீட்டு வாசலில் ஒரு போர்டு தொங்குகிறது. பச்சைக் கலர், ஓரமெல்லாம் பூவேலை. "இந்த இல்லத்தில் இத்தனை நாட்களாக யாரும் விழவில்லை" என்று எழுதி, நடுவில் கறுப்பாக ஒரு கட்டம் விட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் தினமும் காலையில் சாக்பீஸால் எண் எழுத வேண்டியது என் வேலை. தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போகிறான். பார்க்கட்டும். நான் வெட்கத்தை விட்டு ரொம்ப நாளாகிறது.

வேலை எனக்குப் புதிதும் இல்லை. பாடியில் ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் நான். பேர் இக்னேஷியஸ். அங்கே கேட்டுக்குப் பக்கத்தில் "விபத்தில்லா நாட்கள்" என்று ஒரு போர்டு இருக்கும். அதில் எண் எழுதினதும் நான்தான். எழுபத்திரண்டு வயசில் அதே உத்தியோகம் வீடு தேடி வந்திருக்கிறது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். என் சம்சாரம் தெரசா போன மார்ச்சில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். எலும்புக்கு ஒன்றுமில்லை. முழங்காலில் வீக்கம், மனசில் பயம். அதுவரை தினமும் விடிந்ததும் மாதா கோயில் பூசைக்கு நடந்து போனவள். எங்கள் நூம்பல் வீட்டிலிருந்து கோயில் வாசல் நானூற்று இருபது காலடி, நான் எண்ணியிருக்கிறேன். விழுந்த பிறகு அந்த நானூற்று இருபதும் அவளுக்கு வேளாங்கண்ணி வரைக்கும் நடப்பது மாதிரி ஆகிவிட்டது.

"ஆட்டோல போலாம் தெரசா" என்றேன்.

"ஆட்டோல இன்னாத்துக்கு? நடந்து போயி நன்மை வாங்கணும் ரெனிதாப்பா. என் கால்ல நான் போவணும்" என்றாள். நன்மை என்றால் பூசையில் சாமியார் கொடுக்கிற அப்பம். ரெனிதா எங்கள் மகள், கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தெரசாவுக்கு வேண்டியது அவ்வளவுதான், சொந்தக் காலில் கோயில். அதற்காகத்தான் இத்தனை கூத்தும் ஆடினேன்.

கோயிலுக்குப் போக முதலில் வீட்டை விட்டு வெளியே போக வேண்டுமே. எங்கள் தெருவுக்கு இதுவரை மூன்று தடவை ரோடு போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டதில் ரோடு வளர்ந்தது, வீடு பள்ளத்தில் இறங்கியது. அப்புறம் மழைநீர் வடிகாலுக்கென்று கேட்டுக்கு முன்னால் ஓர் ஆள் ஆழத்துக்குத் தோண்டிவிட்டு, மூடி அடுத்த வாரம் வரும் என்று சொல்லிப் போனவர்கள் போனவர்கள்தான். கேட்டிலிருந்து ரோட்டுக்கு ஒரு சென்ட்ரிங் பலகை போட்டு வைத்திருக்கிறோம். கால் வைத்தால் அது கடகடவென்று ஆடும்.

இந்த நேரத்தில்தான் அம்பத்தூரில் மூத்தோர் வீழ்ச்சித் தடுப்பு வாரியம் இருப்பதாக யாரோ சொன்னார்கள். போனேன். இரண்டாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர். படிக்கட்டில் ஒரு பக்கம் கைப்பிடி இல்லை, இன்னொரு பக்கம் "கவனமாக ஏறவும்" என்று ஒட்டியிருந்தது. மேலே போய்ச் சேர்ந்தவர்கள் எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டே இரண்டு விஷயம் மனுவாக எழுதிக் கொடுத்தேன். பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. வாசல் பள்ளத்துக்கு ஒரு மூடி.

மண்டல ஒருங்கிணைப்பாளர் பரந்தாமன் படித்துப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனுஷன், திட்டமாட்டார், சிரிப்பார். "ஐயா, கம்பி என்பது பழைய சிந்தனை. கம்பியைப் பிடிக்கிறவர் கம்பியை நம்புகிறார். நாங்கள் மூத்தோரைத் தங்கள் கால்களை நம்பவைக்கிறோம். தொழில்நுட்பம் இல்லத்துக்கே வரும்" என்றார்.

"மூடி சார்?"

"மூடி எங்கள் துறை இல்லை. நாங்கள் விழுகிறவரைப் பார்க்கிறோம். விழுகிற இடத்தை வேறு துறை பார்க்கிறது."

ஏப்ரல் பதினைந்தாம் தேதி தொழில்நுட்பம் வந்தது. பரந்தாமனும், தரவு அலுவலர் திவ்யாவும், பெட்டி தூக்க நான்கு பேரும். ஒவ்வொருவராக அந்தப் பலகைமேல் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். பரந்தாமன் நடுவில் கண்ணை மூடிக்கொண்டார், நான்தான் கையைக் கொடுத்து இழுத்தேன். உள்ளே வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இல்லத்தில் வீழ்ச்சி அபாயம் ஏதும் இல்லை, எழுதிக்கொள்ளம்மா" என்றார். திவ்யாவும் எழுதிக்கொண்டாள்.

ஸ்டாண்டில் ஒரு திரை, அதன் தலையில் கேமரா, தரையில் ஆறுக்கு ஆறு ஒரு ரப்பர் பாய், இடுப்பில் கட்ட ஒரு பட்டை. தினம் காலை ஏழு மணிக்குப் பட்டையைக் கட்டிக்கொண்டு பாய்மேல் நின்றால் திரையில் ஒரு பெண் பேசுவாள். அவள் பேசுகிற தமிழை எங்கள் சாமியார்கூடப் பேசமாட்டார். "வணக்கம் தெரசா. இன்று நாம் ஒற்றைக் காலில் உலகை வெல்வோம்!" கூடவே மார்க்கும் போடுவாள், நூற்றுக்கு.

பாய் விரிக்க இடம் வேண்டுமென்று கட்டிலை அடுப்பங்கரை வாசலுக்கு நகர்த்தினார்கள். மாதா சுரூபம் வைத்த பீடம் மட்டும் அதே மூலையில் இருந்தது. மறுநாளே திரைக்காரி, "அறையில் மூன்றாவது மூத்தவர் நிற்கிறார். அவர் நீண்ட நேரமாக அசையவில்லை. உதவி தேவையா?" என்று கேட்டாள். தெரசா பதறிப்போய், "அது மாதாம்மா!" என்றாள். "நன்றி. மாதாம்மா பதிவு செய்யப்பட்டார்" என்றது திரை.

திவ்யாவுக்கு போன் போட்டேன். சுரூபத்தைத் துணி போட்டு மூடச் சொன்னாள். தெரசா எழுந்து நின்றாள். "மாதாவை மூடச் சொல்ற ஊட்டுல நான் இருக்க மாட்டேன். அந்தப் பொட்டிய மூடு" என்றாள். பதிவான பெயரை நீக்கத் தலைமையிடத்து அனுமதி வேண்டுமாம், அது வரவேயில்லை. மாதக் கடைசியில் வட்டத்தின் தரப்பட்டியல் வந்தது. நிலைத்து நிற்பதில் முதலிடம் மாதாம்மா, நூம்பல், நூற்றுக்கு நூறு. பரந்தாமன் போனில் பாராட்டினார். "அந்த அம்மையாரைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் ஐயா."

இந்தக் கூத்துக்கு நடுவில் ஒரே ஒரு நல்ல காரியம் நடந்தது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ஆவடியிலிருந்து ஹெலினா என்கிற பிசியோ பெண் ஸ்கூட்டியில் வருவாள். வந்ததும் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவாள். "ஆன்ட்டி, சேரைப் புடிச்சிக்கினு எந்திரிங்க, குந்துங்க. பத்து தபா. அவசரமே இல்ல." அடுப்பங்கரை மேடையைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நிற்கவைப்பாள், பக்கவாட்டில் நடக்கவைப்பாள். அப்புறம் கையைக் கோத்துப் பலகையைத் தாண்டவைத்துத் தெருவுக்குக் கூட்டிப்போவாள். முதல் வாரம் டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும். மூன்றாவது வாரம் மாவு மில் வரைக்கும். ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கோயில் கேட்டைத் தொட்டுவிட்டு வந்து தெரசா என்னிடம் சிரித்தாள் பாருங்கள், கல்யாண போட்டோவில்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

ஆனால் திரைக்காரியிடம் தெரசாவுக்கு மார்க் ஏறவேயில்லை. "வலக்காலை உயர்த்துங்கள்" என்றால் வலக்கால் எது என்று இவள் யோசித்து முடிக்கிறதற்குள் அவள் இடக்காலுக்குப் போய்விடுவாள். முப்பத்தெட்டு மார்க். திவ்யா கூப்பிட்டாள். "அங்கிள், நாலு வாரமா அறுபதுக்குக் கீழ இருக்காங்க. இப்படியே போனா ஒத்துழையாதோர் பட்டியல்ல பேர் போயிடும். போனா ஹெலினா வரமாட்டாங்க."

"அம்மா, ஹெலினா வந்துதான் அவ நடக்கிறா."

"இருக்கலாம் அங்கிள். ஆனா ஹெலினா பண்றது மெஷின்ல வராதே."

அன்றைக்குத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கம்பெனியில் லேட்டாக வருகிறவனுக்குப் பதிலாக அவன் சிநேகிதன் வருகை அட்டையை மெஷினில் அடித்துவிடுவான். முப்பத்தொரு வருஷம் அப்படி அடிக்கிறவனைக் கையும் களவுமாகப் பிடித்து மெமோ வாங்கிக்கொடுத்தவன் நான். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தெரசாவின் பட்டையை என் இடுப்பில் கட்டிக்கொண்டு, அவளுடைய சேலை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு பாய்மேல் ஏறினேன். "வணக்கம் தெரசா" என்றாள் திரைக்காரி. "வணக்கம்" என்றேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த தெரசா சிரித்துச் சிரித்து இருமினாள்.

எனக்கு இன்னும் காலில் பலம் இருக்கிறது. எழுபது வந்தது, எண்பத்தொன்று வந்தது, ஜூலையில் தொண்ணூற்று நான்கு வந்தது. மாதாவுக்கு அடுத்தபடி தெரசா.

பெட்டி வந்த தொண்ணூற்றிரண்டாம் நாள் பரந்தாமன் மாலையும் போர்டுமாக வந்தார். "விழாத இல்லம்" என்று எங்கள் வீட்டை அறிவித்தார். போர்டை மாட்டி, சாக்பீஸை என் கையில் கொடுத்து, கைதட்டச் சொன்னார். தெரசா கழுத்தில் மாலை போட்டுப் படமெடுத்தார்கள். படத்தில் அவள் மாதா பீடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பிடிமானத்துக்கு.

"இனி ஹெலினா வரமாட்டார்" என்றார் பரந்தாமன் சந்தோஷமாக.

"ஏன் சார்?"

"தொண்ணூற்று நான்கு எடுத்தவருக்குப் பிசியோ எதற்கு ஐயா? அவரைக் குத்தம்பாக்கம் பக்கம் அனுப்பிவிட்டோம். அங்கே நிறையப் பெட்டிகள் மாட்ட வேண்டியிருக்கிறது."

மார்க் இறங்கினால் ஹெலினா திரும்பி வருவாள் என்று கணக்குப் போட்டேன். மறுநாளிலிருந்து வேண்டுமென்றே தப்புத் தப்பாகக் காலைத் தூக்கினேன். தள்ளாடினேன். பாயிலேயே இரண்டு தடவை உட்கார்ந்துகூடப் பார்த்தேன். ஐந்தாம் நாள் வாரியத்து ஆள் வந்து, தொண்ணூற்று நான்கு எடுத்தவர் இப்படி இறங்க வழியே இல்லை, பட்டைதான் பழுது என்று புதுப் பட்டை கொடுத்துவிட்டுப் போனான். மார்க் தானாகப் பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாமென்று அம்பத்தூர் மாடிப்படி வரைக்கும் ஒரு நாள் போனேன். சொன்னால் தெரசா பேர் ஏமாற்றுக்காரர் பட்டியலில் போகுமோ என்று பயந்து, கீழேயே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். கோழைத்தனம்தான், வேறென்ன சொல்ல.

செப்டம்பர் எட்டு மாதா பிறந்த நாள். தெரசா நீலப் புடவை கட்டி, தலையில் முக்காடு போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தாள். பூசை ஏழரைக்கு. திரைக்காரிக்கு ஏழு மணி.

"இத்த முடிச்சிட்டுக் கையப் புடிச்சிக் கூட்டிகினு போறேன். நடுவுல வுட்டா இடைநிறுத்தம்னு போட்டுருவா" என்றேன்.

"நீ குதிச்சி முடி. நான் கேட்டாண்ட நிக்கிறேன்" என்றாள்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் இருந்திருக்கிறாள். ஏழு பத்துக்குக் கோயில் மணி அடித்தது. தெருவில் பிள்ளைகள் பூக்கூடையோடு போயிருக்கிறார்கள். அவளால் நிற்க முடியவில்லை. நான் உள்ளே ஒற்றைக் காலில் நின்று கைகளை விரித்துக்கொண்டிருந்தேன். வெளியே பலகை கடகடத்தது. அப்புறம் ஒரு சத்தம். அதே நேரம் எனக்கு முன்னால் திரைக்காரி சொல்கிறாள், "மிக நன்று தெரசா! உங்கள் நடை உறுதியாக இருக்கிறது."

ஓடினேன். பள்ளத்துக்குள் நீலப் புடவை தெரிந்தது. எதிர்வீட்டுச் சம்பத் எனக்கு முன்னால் இறங்கியிருந்தான். என்னோடு பாடியில் வேலை பார்த்தவன், இந்த ஊர்க்காரன், அவன் அப்பா காலத்தில் இங்கே நெல் விளைந்த நிலம் அவர்களுடையது. "ஒண்ணியும் இல்லம்மா, ஒண்ணியும் இல்ல, என் கயுத்தப் புடிச்சிக்கோ" என்று சொல்லிக்கொண்டே அவளைத் தூக்கினான். தெரசா கத்தவில்லை. "பூசைக்கு நேரமாச்சி" என்று மட்டும் சொன்னாள்.

இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் ஆனது. தினமும் ஆள் வைத்துப் பயிற்சி கொடுத்தால் நடப்பார்கள், விட்டுவிட்டால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நான் அம்பத்தூர் மாடிப்படி ஏறினேன். லிஃப்ட் இன்னும் ரிப்பேர்தான்.

"ஹெலினாவை அனுப்புங்க சார். அவ விழுந்துட்டா."

திவ்யா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "அன்னிக்கு ஏழு பத்துக்கு ஆன்ட்டி பாய்மேலதான் இருந்திருக்காங்க. ஒற்றைக் கால், பதினெட்டு விநாடி."

பரந்தாமன் தலையசைத்தார். "ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது ஐயா. தரவு பொய் சொல்லாது. அந்தப் பள்ளத்தில் விழுந்தவர் யார் என்பதைத்தான் நாம் ஆராய வேண்டும்."

"என் பொண்டாட்டிதான் சார் விழுந்தா! பாய்மேல நின்னது நான். பட்டையைக் கட்டினது நான்!"

பரந்தாமன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை. கேட்டால் இந்த வட்டத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பட்டைகளையும் யார் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டிவரும். பார்த்தால் திட்டம் விழுந்துவிடும். விழக்கூடாது என்பதற்காகத்தானே ஐயா திட்டம்?" நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். "உங்கள் கஷ்டம் புரிகிறது. அறுவைக்குப் பிறகான பிசியோ, விழாத இல்லங்களுக்கு முன்னுரிமையில் உண்டு. நீங்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறீர்கள். போர்டில் எண் தொடர வேண்டும், அவ்வளவுதான். அதில் பொய்யும் இல்லை. 'இந்த இல்லத்தில்' என்றுதானே இருக்கிறது? சம்பவம் கேட்டுக்கு வெளியே நடந்திருக்கிறது."

கேட்டுக்கு வெளியே. அந்த வார்த்தையைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். கைப்பிடி இருந்த பக்கமாகப் பார்த்துப் படியிறங்கினேன்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் சம்பத்தின் வலது கையில் இரண்டு விரல் கம்பெனி பிரஸ் மெஷினில் போனது. அப்போது போர்டில் நூற்றுத்தொண்ணூற்றெட்டு. இருநூறு ஆனால் தலைமை ஆபீசிலிருந்து பெரிய மனுஷர்கள் வருவதாக இருந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நான் சம்பத்தின் அட்டையில் வெளியே போன நேரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் அடித்தேன். "கேட்டுக்கு வெளியே, சைக்கிள் செயினில் மாட்டி" என்று ரிஜிஸ்டரில் என் கையால் எழுதினேன். மூன்றாம் நாள் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். நானும் தின்றேன். சம்பத் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது.

இன்றைக்கு அக்டோபர் ஏழு. ஹெலினா அடுத்த காலாண்டில் வருவாளாம். ரப்பர் பாய் இருந்த இடத்துக்குத் தெரசாவின் கட்டில் திரும்பி வந்துவிட்டது. பட்டையை இப்போது அவள் இடுப்பிலேயே கட்டியிருக்கிறார்கள், படுக்கைநிலைக் கண்காணிப்பு என்று பெயர். அசைந்தால் வலி, அதனால் அவள் அசைவதில்லை. நேற்று பட்டியல் வந்தது. தெரசாவுக்கு நூற்றுக்கு நூறு. மாதாவும் அவளும் சமம்.

காலையில் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். போர்டு உயரம், ஸ்டூல் போட்டுத்தான் எழுத வேண்டும். ஏறினதும் ஸ்டூல் ஆடியது. எதிர்வீட்டிலிருந்து சம்பத் பலகையைத் தாண்டி வந்து குனிந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். மேலேயிருந்து பார்த்தால் அவன் வலது கை தெரிந்தது. மூன்று விரலால் அழுத்திப் பிடித்திருந்தான்.

சாக்பீஸை இறக்கினேன். "சம்பத்து, அன்னிக்கி உன் அட்டைய..."

"தெரியும் டைமு" என்றான். கம்பெனியில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "உன் எய்த்து எனுக்குத் தெரியாதா? அப்பவே தெரியும். நீ எய்து."

"எழுதலன்னா அந்தப் பொண்ணு வராதுடா. தெரசா நடக்கணும்."

"தெரியும்பா. அதான் சொல்றேன், எய்து."

நூற்றெழுபத்தாறு என்று எழுதினேன். ஏழு கொஞ்சம் கோணலாக வந்தது. உள்ளேயிருந்து தெரசா கூப்பிட்டாள். "ரெனிதாப்பா, இன்னிக்கி எத்தினி?"

சொன்னேன்.

அப்புறம் மெதுவாகக் கேட்டாள், "அப்ப நான் வுழவே இல்லியா?"

"பாத்து எறங்கு டைமு" என்றான் சம்பத். "ஸ்டூலு ஆடுது."